ராபாட் மலையடி: கிந்தாப் பள்ளத்தாக்கில் ஓர் ஊரின் நிலமும் வரலாறும்

தமிழிலக்கணம் வகுத்த சான்றோர் மாந்தர் வாழ்க்கையைப் பாடப் புகுமுன் நிலத்தை வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் உணவும் தொழிலும் பறையும் அந்நிலத்தில் தோன்றும் கருப்பொருள். மக்களின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் அவற்றின்மேல் எழுவது. இவ்வரிசையைத் தமிழ் மாணவர் மனப்பாடமாகவே அறிவர். காவிரி குடகில் பிறப்பதும் வையை மதுரையைத் தழுவி ஓடுவதும் அவர்க்குத் தெரியும். ஆயின், தாம் பயிலும் பள்ளிக்கு அணித்தே ஓடும் ஆறு எம்மலையில் பிறந்து எக்கடலில் கலக்கிறது என்று ஈப்போ வட்டார மாணவரை வினவினால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. அதனை ஆறு என்றே அறியாது, பெரிய கால்வாய் என்று எண்ணியிருப்போரும் உளர்.

அவ்வாறு எண்ணுவதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. கிந்தாவும் அதன் கிளையாறுகளும் பல இடங்களில் உண்மையாகவே கால்வாய்களாக மாற்றப்பட்டவை. நிலம் மாந்தரை உருவாக்கும் என்பது பொதுவிதி. குனோங் ராபாட் போன்ற ஊர்களிலோ, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்திற்குள் மாந்தர் நிலத்தையே மாற்றி உருவாக்கினர். ஆதலின் இவ்வூரின் நிலவியலை வரலாற்றிலிருந்து பிரித்துப் படிக்க இயலாது.

குனோங் ராபாட், ஈப்போ நகரின் தென்கிழக்கில், கோப்பெங் செல்லும் பழைய நெடுஞ்சாலையின் அண்மையில் உள்ளது. இன்று நகரோடு ஒட்டிய குடியிருப்புப் பகுதி. முன்னர் மலையடிச் சிற்றூர். 'குனோங்' என்னும் மலாய்ச் சொல் மலையைக் குறிக்கும். 'ராபாட்' என்பது நெருக்கம், இடைவெளியின்மை என்னும் பொருள் தருவது. பக்கத்திலேயே சுங்கை ராபாட் என்னும் மற்றோர் ஊர் உண்டு. 'சுங்கை' என்றால் ஆறு. ஆக, ஒரே பெயரின் முன்னே மலையும் ஆறும் நின்று இரண்டு ஊர்களைக் காட்டுகின்றன. சற்றுத் தெற்கே சிம்பாங் பூலாய். 'சிம்பாங்' சாலைப் பிரிவு. 'பூலாய்' ஒரு மரம். அது தமிழர் ஏழிலைப்பாலை என்று வழங்கும் மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. பூலாய், பாலை என்னும் ஒலி ஒப்புமை கண்டு சொற்பிறப்பு ஆராய்ச்சியில் இறங்க விழைவோர்க்கு ஓர் எச்சரிக்கை: ஒலி ஒத்திருப்பது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது. ஈப்போ என்பதும் மரப்பெயரே. அம்மரத்தின் நச்சுப் பாலை மலைவாழ் மக்கள் ஊதுகுழல் அம்புகளின் முனையில் தடவினர். காடு போய்விட்டது, மரங்களின் பெயர்கள் நகரப் பெயர்களாக நிலைத்துவிட்டன.

பள்ளத்தாக்கின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். கிழக்கே தித்திவாங்சா என்னும் நடுமலைத் தொடர். மேற்கே கிளேடாங் தொடர். இரண்டும் கருங்கல் மலைகள். நடுவே வடக்கிலிருந்து தெற்காகக் கிந்தா ஆறு ஓடுகிறது. 2,183 மீட்டர் உயரமுள்ள குனோங் கொர்பு அமைந்த மலைப் பகுதியில் தோன்றி, ஈப்போவின் நடுவே புகுந்து, பேராக் ஆற்றுடன் கலந்து, அதன் வழியே மலாக்கா நீரிணையை அடைகிறது. பிஞ்சி, ராயா, கம்பார் முதலியன கிழக்கு மலைகளிலிருந்து இறங்கி அதனோடு சேரும் ஆறுகள். குனோங் ராபாட் வட்டாரத்து மழைநீரை வாங்கிச் செல்வன பிஞ்சியும் ராயாவுமே. ஆண்டில் இருமுறை, சித்திரையை ஒட்டியும் ஐப்பசியை ஒட்டியும், மழை மிகும். காலை வெயில் காய்ந்து, பிற்பகலில் இடி இடித்து, மாலைக்குள் கொட்டித் தீர்ப்பது இங்குள்ள மழையின் இயல்பு. கார், கூதிர் என்று பொழுதைப் பகுத்த தமிழ் மரபுக்கு இம்மண்ணின் பெரும்பொழுதுகள் அடங்கமாட்டா.

சமவெளியின் நடுவே, தொடர்ச்சியின்றித் தனித்தனியாக, சுவர்போல் செங்குத்தாக எழுந்து நிற்கும் வெண்பாறைக் குன்றுகளே இப்பள்ளத்தாக்கின் தனி அடையாளம். அவற்றுள் பெரியனவற்றில் ஒன்று ராபாட் மலை. இக்குன்றுகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை, ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் சிப்பியும் பவளமும் பிற உயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகிய பாறை அது. பின்னர் நிலத்தின் அடியிலிருந்து உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து, ஆறிக் கருங்கல்லாயிற்று. சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைக்கும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிவளியை ஏற்று மெல்லிய புளிப்புடன் இறங்கும் நீர், வெடிப்புகளின் வழியே புகுந்து, குகைகளைக் குடைந்து, கல் விழுதுகளைத் தொங்கவிட்டு, எஞ்சியதைக் குன்றாக நிறுத்துகிறது. சீனாவின் குயிலின் பகுதியிலும் வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவிலும் காணப்படும் குன்றுகள் இவ்வாறு அமைந்தவையே.

கண்ணுக்குத் தெரியும் குன்றுகளைக் காட்டிலும் கண்ணுக்குத் தெரியாத அடிநிலமே இப்பள்ளத்தாக்கின் வரலாற்றை நிர்ணயித்தது. வண்டலை அகற்றிப் பார்த்தால், அடியிலும் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது; அது சமதளமாக இல்லை. ஊசி முனைகளும் குழிகளுமாகப் பல்வரிசைபோல் அமைந்துள்ளது. கருங்கல் மலைகளிலிருந்து கழுவப்பட்டு வந்த வெள்ளீயக் கனிமம் அக்குழிகளில் தங்கியது. சாதாரண மணல் நீரைப்போல் இரண்டரை மடங்கிற்குச் சற்று மேற்பட்ட எடையுள்ளது. வெள்ளீயக் கனிமமோ ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆறு மணலை அடித்துச் சென்றது. கனத்த கனிமத்தைக் குழியில் விட்டுச் சென்றது. இயற்கை செய்த இந்தச் சலிப்பு வேலையின் விளைவாகவே கிந்தா, உலகின் மிகச் செழித்த ஈயவயல்களுள் ஒன்றாயிற்று. மலேசியத் தமிழர் பேச்சில் 'ஈயம்' என்றாலே வெள்ளீயந்தான். காரீயம் எவர் நினைவிலும் எழுவதில்லை. ஈயச் சொம்பில் ரசம் வைத்த தமிழ்நாட்டுச் சமையலறையும் அவ்வுலோகத்தை அறிந்ததே. பாத்திரங்களுக்குக் 'கலாய்' பூசுதல் என்னும் வழக்கில் உள்ள சொல், அராபியர் 'கலா' என்றழைத்த மலாய்த் தீபகற்பத் துறைமுகத்தின் பெயரோடு தொடர்புடையது என்று கருதும் அறிஞரும் உளர்.

ஈய வேட்டைக்கு நெடுங்காலம் முன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர். குனோங் ராபாட்டிற்கு வடக்கே தம்புனில், செங்குத்தான பாறைச் சுவரில் செந்நிற ஓவியங்கள் உள்ளன. 1959-இல் கூர்க்காப் படைப்பிரிவைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் அவற்றைக் கண்டு உலகிற்குத் தெரிவித்தார். விலங்குகளும் மனித உருவங்களும் வரையப்பட்ட அச்சுவரில் கடற்பசுவை ஒத்த உருவம் ஒன்றும் இருக்கிறது. இன்று கடற்கரை அங்கிருந்து வெகுதொலைவு. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்திருந்தது என்பதனோடு சேர்த்து நோக்கினால் அவ்வுருவம் வியப்பளிப்பதில்லை. பின்னாளில் மேல்மலைகளில் செமாய், தெமியார் மக்களும், ஆற்றங்கரைகளில் மலாய்க் குடிகளும் வாழ்ந்தனர். ஆறே சாலை. கிந்தா ஆற்றில் படகு மேலேறிச் செல்லக்கூடிய எல்லையில் அமைந்தமையாலேயே ஈப்போ சந்தையூராயிற்று. ஈப்போவின் தெற்கே பெங்காலான் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. படகுத்துறை என்பது அதன் பொருள். இன்று அங்குப் படகைத் தேடிச் செல்பவர் தொழிற்கூடங்களையும் வீடுகளையுமே காண்பர்.

படகுத்துறை ஏன் மறைந்தது என்னும் வினாவிற்கு இருப்புப்பாதை வந்தது ஒரு விடை. 1890-களில் ஈப்போவைத் தெலுக் ஆன்சன் துறைமுகத்துடன், அதாவது இன்றைய தெலுக் இந்தானுடன், இரயில் இணைத்தது. மற்றொரு விடை ஆற்றுக்குள்ளேயே கிடக்கிறது. 1880-களில் கிந்தாவை நோக்கி ஈய வேட்டையர் திரண்டனர். தொடக்கத்தில் மண்வெட்டியும் கூடையும். பின்னர் நீரின் விசையே கருவியாயிற்று. ஈய 'லம்பம்' என்று தமிழ்த் தொழிலாளர் குறித்த சுரங்கம் நிலத்தடிப் பொந்து அன்று. வானம் பார்த்த பெரும்பள்ளம். குழாய் முனையிலிருந்து பீறிடும் நீரால் மண்சுவரைத் தகர்ப்பர். சேறாய்க் குழைந்து ஓடிவரும் மண்ணை இயந்திரம் உறிஞ்சி மேலேற்றும். உயர்ந்த மரச் சாரத்தின்மேல் சாய்வாக அமைந்த 'பாலோங்' என்னும் நீண்ட தொட்டியில் அது இறங்கிவரும்போது, குறுக்குச் சட்டங்களின் பின்னே ஈயம் தங்கும். ஆறு பல்லாயிரம் ஆண்டு செய்த வேலையை அத்தொட்டி ஒரு பொழுதிற்குள் செய்தது. சட்டத்தைத் தாண்டிய மணலும் சேறும் எங்கே போயின? பெரும்பகுதி மீண்டும் ஆற்றுக்கே போயிற்று. டூலாங் என்னும் மரத்தட்டில் எஞ்சிய மணலை அலசி, பொடி ஈயம் சேர்த்து வாழ்ந்த பெண்கள் இடுப்பளவு நீரில் நாள் முழுதும் குனிந்து நின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சீனப் பெண்கள்.

அடிப்பாறையின் வடிவமே தொழிலின் வடிவத்தையும் முதலாளியின் இனத்தையும் ஓரளவு தீர்மானித்தது எனலாம். ஊசிப்பாறைகள் மிகுந்த இடங்களில் மிதவைக் கப்பல் வேலை செய்ய இயலாது. அங்கெல்லாம் சீனர்களின் நீர்விசை லம்பங்கள் பெருகின. தெற்கே, பத்து காஜாவிற்கும் தஞ்சோங் துவாலாங்கிற்கும் இடைப்பட்ட சதுப்புச் சமவெளியில் ஐரோப்பியக் குழுமங்களின் ஈயக் கப்பல்கள் இறங்கின. மலாயாவின் முதல் வாளிக் கப்பல் 1913-இல் பத்து காஜா வட்டாரத்தில் இயங்கத் தொடங்கியது. 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த கப்பல் ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் காட்சிப்பொருளாக நிற்கிறது. அதனை நேரில் கண்ட மாணவர்க்குப் பாடநூலில் நீண்ட விளக்கம் தேவைப்படாது.

ஆற்றில் இறங்கிய சேறு ஆற்றுப்படுகையை உயர்த்தியது. படுகை உயர்ந்தால் கரை தாழ்ந்ததாகிவிடும். முன்பு தாங்கிய மழையை ஆறு தாங்காது. தீபகற்பத்தின் பல பகுதிகளை மூழ்கடித்த 1926 டிசம்பர் பெருவெள்ளம் பேராக்கையும் விட்டுவைக்கவில்லை. சிலாங்கூரில் கோல குபு நகரம் இவ்வாறே சுரங்க மண்ணில் புதைந்து, மக்கள் வேறிடத்தில் கோல குபு பாருவை அமைத்துக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்கக் கலிபோர்னியாவில் தங்கச் சுரங்கங்களின் நீர்விசை மண் ஆறுகளை அடைத்தபோது, உழவர்கள் வழக்காடி, 1884-இல் நீதிமன்றத் தடை பெற்றனர். அதே பத்தாண்டில்தான் கிந்தாவில் ஈய வேட்டை மும்முரமாயிற்று. இங்குக் கழிவு மண்ணைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. ஆற்றை ஆழப்படுத்தினர், நேராக்கினர், கரைகட்டினர். ஆனால் சுரங்கத்தை நிறுத்தவில்லை. அரசின் வருவாய் ஈயத்தில் இருந்தது. வழக்காடும் நிலைமையில் ஆற்றங்கரை உழவர் இல்லை. பிள்ளைகள் கால்வாய் என்று எண்ணும் ஆற்றின் பிறப்பு வரலாறு இதுதான்.

தமிழர் இந்நிலப்படத்தில் எங்கே நின்றனர்? பள்ளத்தாக்கின் நடுப்பகுதி ஈயத்திற்கு ஒதுங்கியது. சற்று மேடான அலைநிலங்களிலும் மலைச்சரிவுகளின் அடியிலும் இரப்பர் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இரப்பர் விலை உயர்ந்தபோது, தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே ஆட்கள் வந்தனர். அவர்களின் இருப்பிடத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பால்மரம் எங்கே நடப்பட்டதோ அங்கே லயம். லயத்தின் தலைப்பில் மாரியம்மன். பிரட்டுக்களம், கிராணி வீடு, மேட்டின்மேல் துரை பங்களா. மேடு பள்ளமே தகுதி வரிசையாக அமைந்த குடியிருப்பு அது. இருப்புப்பாதையிலும் பொதுப்பணித் துறையிலும் நகரத் துப்புரவிலும் வேலை செய்தோர், தண்டவாளத்தையும் சாலையையும் ஒட்டி வாழ்ந்தனர். ஈயம் எடுத்த பள்ளத்தில் தமிழர் மிகுதியாக இறங்கவில்லை; ஈயம் சென்ற பாதையை அமைத்தவருள் அவர்கள் பெருந்தொகையினர்.

ராயா ஆற்றின் கரையில், பத்து காஜா செல்லும் வழியில் நிற்கும் கெல்லி மாளிகையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி சுமித் தம் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் 1915-இல் அம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து கட்டடத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். முதல் உலகப்போரின் இறுதியில் பரவிய நச்சுக்காய்ச்சல் அவர்களுள் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டினர். அவரும் கட்டித் தந்தார். கோயில் மேற்கூரையில் தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளைக்காரர் உடையணிந்த உருவம் ஒன்று நிற்பது அதன் நினைவாகவே. 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்தார், மாளிகை முற்றுப்பெறவில்லை. இன்று சுற்றுலாவினர் மாளிகைக்குத் திரளாகச் செல்கின்றனர்; கோயில்வரை செல்பவர் சிலரே.

1948-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டோரங்களில் சிதறி வாழ்ந்தோர் போராளிகளுக்கு உணவளிக்காதிருக்கும் பொருட்டு, 1950 முதல் ஏறத்தாழ 5 லட்சம் பேர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். பெரும்பாலோர் சீனர். குனோங் ராபாட் அத்தகைய புதுக்கிராமங்களுள் ஒன்றாக வளர்ந்தது. நேர்கோட்டுத் தெருக்களும் நெருங்கிய வீடுகளும் அக்காலத்தின் எச்சம். ராபாட் என்னும் சொல்லின் பொருள் மலையைவிட இத்தெருக்களுக்கே பொருந்துகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இனிப்புப் பாகு உள்ளடக்கிய ஹியோங் பியா என்னும் சீன வறட்டப்பம் அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது. தோட்டங்களிலும் தொலைவில் இருந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன. வேலி ஒன்றே; முடிவு வேறு. புதுக்கிராமத்தார்க்குக் காலப்போக்கில் மனைநிலத்தின்மேல் ஏதோ ஒருவகை உரிமை அமைந்தது. லயத்தில் வாழ்ந்தவர்க்கு வேலை உள்ளவரைதான் வீடு.

இவ்வேறுபாட்டின் விளைவு பின்னர்த் தெரிந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியர் தோட்டங்களை விற்றுச் செல்ல, அவை துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது, தொழிலாளர் சிறுதொகை சேர்த்துத் தோட்டங்களைத் தாமே வாங்க வேண்டும் என்னும் நோக்கத்தோடுதான். எல்லாத் தோட்டத்தையும் அவ்வாறு காத்துவிட முடியவில்லை. நகரை அடுத்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஈயமும் நிலைக்கவில்லை. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி விலைத்தாங்கலைக் கைவிட்டதும் விலை சரிந்தது; லம்பங்கள் வரிசையாக மூடப்பட்டன. பள்ளங்கள் நீர் நிரம்பிக் குளங்களாயின. மணல்மேடுகள் காய்கறித் தோட்டங்களாகவும், பிறகு 'தாமான்' என்னும் குடியிருப்புகளாகவும் மாறின. தோட்டத்தை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் அக்குடியிருப்புகளிலும் கம்பங்களிலும் இடம் தேடிக்கொண்டன. ஊரின் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளியில் இன்று பயிலும் பிள்ளைகளிடம் பாட்டன் பிறந்த தோட்டம் எது என்று கேட்டால், சிலர் தோட்டத்தின் பெயரைச் சொல்லக்கூடும். அது இருந்த இடத்தைப் படத்தில் காட்டுவது அரிது.

எஞ்சியவை குன்றுகள். ராபாட் மலைக் குகைகளில் சாம் போ தோங், கேக் லோக் தோங் முதலிய சீனக் கோயில்கள் அமைந்தன. ஈப்போவின் வடபால் குனோங் செரோவில் தமிழர் முருகனை நிறுவினர். மலைகிழவோனுக்குக் கருங்கல் மலை கிடைக்கவில்லை, சுண்ணாம்புக் குன்று கிடைத்தது. குறிஞ்சி அங்கேயும் குறிஞ்சியாயிற்று. தொடக்கத்தில் குகைக்குள் நடந்த வழிபாடு, பாறை விழும் அச்சத்தால் பின்னர் வெளியே எழுந்த கோயிலுக்கு மாறியது. அவ்வச்சம் வீணானதன்று. 1973 அக்டோபர் 18-இல் அதே குன்றின் செங்குத்துப் பக்கம் ஒன்று பிளந்து, அடிவாரத்தில் இருந்த நீண்ட வீட்டின்மேல் விழுந்தது; ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். மலையடி என்பது கவிதைக்கு அழகிய சொல். சொந்த நிலம் இல்லாதவர்க்கு அது, வேறு எவரும் குடியிருக்க விரும்பாத இடம். அம்மலையடியில் வாழ்ந்து கடலை வறுத்து விற்ற குடும்பங்கள் புந்தோங்கிற்குக் குடிபெயர்ந்தன. அவர்களின் 'கச்சாங் பூத்தே' கம்பம் நாடறிந்தது.

மழை ஒரு குன்றைக் கரைக்கக் கோடியாண்டு எடுத்துக்கொள்ளும். வெடிமருந்திற்குச் சில பத்தாண்டுகள் போதும். சிமெண்டுக்கும் பளிங்குக்கும் சாலைச் சல்லிக்குமாக இப்பள்ளத்தாக்கின் குன்றுகள் உடைக்கப்படுகின்றன. ஒவ்வொரு குன்றும் ஒரு தீவுபோன்றது. சமவெளியைக் கடக்க இயலாத நத்தைகளும் செடிகளும் ஒரே குன்றில் மட்டும் வாழ்வதுண்டு. செம்மோரில் உள்ள குனோங் காந்தானில் மட்டுமே வாழும் சிலந்தி வகை ஒன்று அண்மைக் காலத்தில்தான், அதாவது 2015-இல், அறிவியல் பெயர் பெற்றது; அம்மலையின் ஒரு பக்கமோ ஏற்கெனவே கல்லுடைப்பில் போயிருந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கு 2018-இல் தேசிய நிலவியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குனோங் ராபாட்டில் கல்லும் மண்ணும் எடுத்து விட்ட பள்ளம் ஒன்று, நாற்புறமும் பாறைச் சுவர் சூழ, 'தாசேக் செர்மின்' என்னும் கண்ணாடி ஏரியாகப் பார்வையாளரை ஈர்க்கிறது. இயற்கையின் அழகு என்று அதனைப் படமெடுப்போர்க்கு, அது தோண்டப்பட்ட இடம் என்பதை ஆசிரியர் ஒருவர் உடன் சென்று சொல்லவேண்டியிருக்கிறது.

அரசின் நில அளவைப் படத்தில் முருகன் கோயில் குன்று குனோங் செரோ என்றே குறிக்கப்படும். ஈப்போத் தமிழர் அதனைக் கல்லுமலை என்பர். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து காவடிகள் புறப்படும்போது எவரும் செரோ என்று சொல்வதில்லை. பெயரிடப்படாத தோட்டங்களுக்கும் லயங்களுக்கும் அத்தகைய தமிழ்ப் பெயர்கள் நிறைய இருந்தன. கங்காணி பெயராலும், மரத்தாலும், ஓடையாலும், பழைய துரையின் பெயரைச் சிதைத்தும் வழங்கிய பெயர்கள். முதியோர் சிலர் நினைவில் அவை இன்னும் இருக்கின்றன.